அளத்தலில் பிறந்த சராசரி: நடுநிலைப் பள்ளிப் புள்ளியியலின் வரலாற்று அடிப்படை

நடுநிலை வகுப்புகளில் கூட்டுச் சராசரி பெரும்பாலும் ஒரு கணக்காகவே அறிமுகமாகிறது. பாடநூல் பத்து எண்களைத் தருகிறது. மாணவர் அவற்றைக் கூட்டிப் பத்தால் வகுக்கிறார். அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, ஏன் வேறுபடுகின்றன என்று கேட்க இடமில்லை. அன்றாடப் பொருள்களை அளக்கவைத்துப் புள்ளியியல் கற்பிப்பதைப் பாடத்தைச் சுவையாக்கும் உத்தியாகவே பலர் கருதுகின்றனர். ஆனால், ஒரே பொருளைப் பல முறை அளந்தவர்கள் சந்தித்த முரண்பாடுதான் சராசரியை ஓர் அறிவியல் கருவியாக்கியது என்பதை வரலாறு காட்டுகிறது. எனவே, அளத்தலை நீக்கிய பாடம் கேள்வியை மறைத்து விடையை மட்டும் கற்பிக்கிறது.

16ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் யாக்கோப் கோபெல் எழுதிய நில அளவை நூல் ஒரு வழிமுறை கூறியது. ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து வெளிவரும் 16 ஆடவரை, நெட்டை குட்டை பாராமல் நிறுத்தி, அவர்களது இடது பாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து அளவுகோலின் நீளத்தைப் பெற வேண்டும். அதில் 16இல் ஒரு பங்கே ஓர் அடி. சராசரி என்ற சொல் வழங்காமலே அதன் செயல் நடந்தது. ஆனால் அறிஞர் உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை. கவனமாக எடுத்த ஒற்றை அளவு பல அளவுகளின் சராசரிக்கு ஈடாகும் என்று பெயர்பெற்ற சிலர் கருதியதை மறுத்து, 1755இல் கணிதவியலாளர் தாமஸ் சிம்ப்சன் ராயல் சொசைட்டியின் தலைவருக்குக் கடிதம் எழுதினார். கருவியே பழுதென்றால் திரும்பத் திரும்ப அளப்பதால் என்ன பயன் என்று தாமஸ் பேய்ஸ் ஐயம் எழுப்பினார். கருவி ஒரு பக்கமாகவே பிழை காட்டாது என்ற நிபந்தனையை 1757இல் சிம்ப்சன் சேர்த்தார்.

அடுத்த திருப்பம் பெல்ஜியத்தில் நிகழ்ந்தது. 5,700க்கும் மேற்பட்ட ஸ்காட்லாந்துப் படைவீரர்களின் மார்புச் சுற்றளவுகளை 1846இல் ஆராய்ந்த அடால்ப் கெட்லே, ஒரே மனிதரைப் பலமுறை அளந்தால் தோன்றும் பிழைப் பரவலின் வடிவத்தையே அவற்றிலும் கண்டார். வடிவம் ஒன்றானாலும் பொருள் வேறு. ஒரு மேசையைப் பலர் அளந்தால் வேறுபாடு பிழையைக் குறிக்கும். பல புளியங்கொட்டைகளை அளந்தால் அது இயற்கையின் உண்மையான வேறுபாட்டையும் குறிக்கும். பிரான்சிஸ் கால்டன் பின்னர் அந்த வேறுபாட்டையே ஆய்வுப்பொருளாக்கினார்.

பள்ளிக்கூடத்தை இந்தச் சிந்தனை வெகு தாமதமாகவே எட்டியது. தரவை ஆராய்ந்து பார்க்கும் அணுகுமுறையைப் புள்ளியியலாளர் ஜான் டூக்கி 1977இல் நூலாக்கினார். அமெரிக்கக் கணித ஆசிரியர் மன்றத்தின் 1989ஆம் ஆண்டுத் தரநிலைகள், 5 முதல் 8 வரையான வகுப்புகளுக்குத் தரவு திரட்டலைக் கணிதத்தின் பகுதியாக்கின. பெட்ரோசினோ, லேரர், ஷாபிள் ஆகியோர் 2003இல் வெளியிட்ட ஆய்வில் நான்காம் வகுப்புக் குழந்தைகள் பள்ளிக் கொடிக்கம்பத்தின் உயரத்தை அளந்தனர். வெவ்வேறு கருவிகள் தந்த அளவுகளின் பரவலை ஒப்பிட்டு, எது நம்பத்தக்கது என்று அவர்களே விவாதித்தனர். சிம்ப்சன் காலத்துக் கேள்வி அவ்வயதினருக்கும் எட்டாததல்ல என்பதற்கு இதுவே சான்று.

சராசரிப் பாடத்தை அளத்தலில் தொடங்குவதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, வரலாறு சென்ற வழியிலேயே குழந்தை செல்லத் தேவையில்லை என்பது. அது சரியே, ஆனால் இங்கு கோரப்படுவது பழைய பயணம் அன்று, கருத்துக்குத் தேவையை உண்டாக்கிய சூழல் மட்டுமே. இரண்டாவது, குழந்தைகளின் அளவுகள் பிழை மலிந்தவை என்பது. அளவுகோலைச் சுழியத்துக்குப் பதிலாக ஒன்றிலிருந்து வைக்கும் மாணவரின் பிழை எத்தனை முறை அளந்தாலும் மாறாது. பேய்ஸின் ஐயத்தை வகுப்பில் பேச அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. மூன்றாவது, நேரம் போதாது என்பது. இம்மறுப்புக்கு வலு உண்டு. எனினும், ஒரு மேசையை வகுப்பு முழுவதும் அளந்து விடைகளைக் கரும்பலகையில் புள்ளிகளாகக் குறிக்க ஒரு பாடவேளை போதும்.

ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ஒரே பொருளைப் பலர் அளக்கட்டும், பிறகு ஒரே வகையைச் சேர்ந்த பல பொருள்களை அளக்கட்டும், சூத்திரம் அதற்குப் பின் வரட்டும். பாடநூல் எழுதுவோர் சராசரி அலகின் முதல் பயிற்சியாக எண் பட்டியலுக்குப் பதில் ஓர் அளத்தல் பணியை வைக்க வேண்டும்.