வட்டி ஏறினால் வீட்டுக்கு என்ன ஆகும்?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இன்று கடன் வாங்கி வீடு கட்டியவரைக் கேட்டால், வட்டி ஏறுவதையும் பார் என்று சேர்த்துச் சொல்வார். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் ஒத்தி. ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் இருக்கும் சிக்கல் போன்ற ஊர்களில் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வீட்டுக்காரரிடம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு அந்த வீட்டில் குடியிருக்கலாம். பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் இதையும் அடமானத்தில் ஒரு வகையாகவே சொல்கிறது.

இந்த ஒத்திக் கணக்கிலேயே நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய் வாடகை பெறும் வீடு ஒன்று. ஆண்டுக்கு 36,000. வட்டி 6 சதவீதம் என்றால் 6 லட்சம் ஒத்தி கொடுக்கலாம். வட்டி 12 சதவீதம் ஆனால், அதே 36,000 ரூபாய்க்கு 3 லட்சம் போதும். வீடு மாறவில்லை, வட்டிதான் மாறியது. வீட்டு விலையும் இந்தப் பக்கமாகத்தான் இழுக்கப்படும்.

இனி வங்கிக் கடன். வீட்டுக் கடனுக்கென்றே ஹெச்.டி.பரேக் 1977இல் ஹெச்.டி.எஃப்.சி.யைத் தொடங்கினார். மாதச் சம்பளக்காரர்களும் வீடு வாங்க வழி பிறந்தது. 2004 வாக்கில் வீட்டுக் கடன் வட்டி 7, 8 சதவீதத்துக்கு இறங்கியது. பலர் மாறும் வட்டியில் கடன் வாங்கினார்கள். ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் அப்போது 6 சதவீதம். 2008 ஜூலையில் அது 9 சதவீதம். வீட்டுக் கடன் வட்டியும் 11 சதவீதத்தைத் தாண்டியது.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் இதே கதை. 2004இல் 1 சதவீதமாக இருந்த வட்டி விகிதத்தை அந்நாட்டு மத்திய வங்கி 2006க்குள் 5.25 ஆக்கியது. தகுதி பார்க்காமல் கொடுத்த கடன்கள் திரும்பவில்லை. வீடுகள் ஏலத்துக்கு வந்தன. வீட்டு விலை கால்பங்குக்கு மேல் சரிந்தது. 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் திவாலானது.

இந்தியாவில் அப்படி ஒரு சரிவு வரவில்லை. இங்கே வீட்டின் முழு விலைக்கும் வங்கி கடன் தருவதில்லை, ஒரு பங்கு கைக்காசு போட வேண்டும். 2004லேயே ரிசர்வ் வங்கி வீட்டுக் கடன் விதிகளை இறுக்கவும் செய்தது. ஆனால் சுமை வேறு வடிவில் வந்தது. தவணைத் தொகையை ஏற்றாமல் கடன் காலத்தை நீட்டிவிட்டார்கள்.

அது எவ்வளவு ஆபத்து? 10 லட்சம் கடன், 20 ஆண்டு, 6.5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 7,456 ரூபாய். ஓராண்டு கட்டியபின் வட்டி 9 சதவீதமாகிறது. பாக்கி சுமார் 9.75 லட்சம். அதற்கு ஒரு மாத வட்டியே சுமார் 7,311 ரூபாய். அசலில் கழிவது 145 ரூபாய்தான்! பழைய தவணையையே கட்டினால் கடன் தீர இன்னும் 40 ஆண்டுக்கு மேல் ஆகும். 35 வயதில் வாங்கிய கடனைப் பிள்ளைதான் அடைக்க வேண்டும்.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ விகிதம் 4இலிருந்து 6.5 சதவீதம் ஆனபோது பலருடைய கடன் காலம் இப்படித்தான் நீண்டது. அதனால் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன்காரரே தேர்ந்தெடுக்கலாம். நிலையான வட்டிக்கு மாறவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அந்த உத்தரவு அப்போது சொன்னது.

ஆகவே வட்டி ஏறியது என்று செய்தி வந்தால் வீட்டு விலை குறையுமா என்று மட்டும் பார்க்காதீர்கள். கடன் வாங்கியவர் முதலில் பார்க்க வேண்டியது, தன் கடன் எந்த ஆண்டு முடிகிறது என்பதைத்தான்.