மட்டக்களப்புக் கோட்டை

மட்டக்களப்புக் கோட்டை, இலங்கையின் கிழக்கே, மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. இலங்கையில் ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டையும் இதுவே. சதுர வடிவில் அமைந்த சிறிய கோட்டை. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள் உண்டு. இரு பக்கம் வாவி காத்தது. மற்ற இரு பக்கத்துக்கு அகழி வெட்டினார்கள்.

கடலிலிருந்து வாவிக்குள் ஒதுங்கிய இத்தீவின் மதிப்பு கண்டியோடு சேர்ந்தது. 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கரையில் இறங்கித்தான் கண்டிக்குப் போய் மன்னன் விமலதர்மசூரியனைக் கண்டார். மறு ஆண்டு வந்த செபால்ட் டி வேர்ட், மன்னனோடு மூண்ட பிணக்கில் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டார். கண்டிக்கும் கடலுக்குமான வழியை அடைக்க விரும்பிய போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனோ டி சா, திருகோணமலையை அடுத்து இங்கும் கோட்டை எழுப்பினார்.

பத்தே ஆண்டுகளில் அது கைமாறியது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்தான். தளபதி வெஸ்டர்வோல்ட்டின் பீரங்கிகளும் கண்டிப் படையும் சேர்ந்து தாக்க, 1638 மே 18இல் கோட்டை பணிந்தது. ஐந்து நாளில் மட்டக்களப்பிலேயே உடன்படிக்கை எழுதப்பட்டது. அதன் மூன்றாம் பிரிவு, பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை இருக்கும் என்கிறது. 'மன்னன் விரும்பினால்' என்ற நிபந்தனை மன்னனிடம் இருந்த பிரதியில் இருந்தது; ஒல்லாந்தப் பிரதியில் இல்லை. கோட்டையின் வரலாற்றில் இதைவிடக் கனமான செய்தி வேறில்லை. திருகோணமலையும் மட்டக்களப்பும் மன்னனிடம் போய்ச் சேர்ந்தன. ஆனால் 1640இல் பிடித்த காலியை ஒல்லாந்தர் விடவில்லை. கறுவா விளையும் கரை அது. நட்பு பகையாயிற்று. பின்னாளில் மட்டக்களப்பையும் அவர்கள் மீண்டும் பிடித்துக் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள்.

1795இல் ஆங்கிலேயர் வசமான பின் போர்க்கோட்டை நிர்வாகக் கோட்டையாயிற்று. மாவட்டக் கச்சேரி நெடுங்காலம் இதற்குள்தான் இயங்கியது. காணி அனுமதிப்பத்திரத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அலைந்த மக்கள் இந்த வாசலைத் தாண்டியே உள்ளே போனார்கள். கண்டிக்கு வெளியாரை வரவிடாமல் தடுக்கவென்று எழுந்த மதில்கள், கச்சேரி மதில்களாகவே ஊராருக்கு நெருக்கமாயின. பழைய பீரங்கிகள் இன்னமும் மதில்மேல் வாவியைப் பார்த்தபடி நிற்கின்றன.