இதய ஆபரேஷன் விலையைக் குறைத்த டாக்டர்: தேவி ஷெட்டி கட்டிய தொழில் எப்படி ஓடுகிறது?

ஓசூரிலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸில் வருபவர்களுக்கு இந்த வழி நன்றாகத் தெரியும். அத்திப்பள்ளி, சந்தாபுரா, அடுத்து பொம்மசந்திரா. தொழிற்பேட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இந்த ஸ்டாப்பில், எக்ஸ்ரே கவரைக் கையில் பிடித்தபடி இறங்குபவர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. அவர்கள் போகும் இடம் நாராயணா ஹெல்த் வளாகம். அதைத் தொடங்கியவர் டாக்டர் தேவி பிரசாத் ஷெட்டி.

இதய அறுவை சிகிச்சையை மலிவாக்கியவர் என்று ஒரு தரப்பு அவரைக் கொண்டாடுகிறது. டாக்டர் வேடத்தில் இருக்கும் தொழிலதிபர் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டுமே பாதி உண்மை. முழுக் கதை தெரிந்தால், நாளைக்கு வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்று வரும்போது எங்கே, என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெளிவாகும்.

யார் இந்த தேவி ஷெட்டி?

1953-ல் கர்நாடகாவின் தட்சிண கன்னட மாவட்டத்தில், கின்னிகோளி என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் ஒன்பது பிள்ளைகள், இவர் எட்டாவது. 1967-ல் தென்னாப்பிரிக்காவில் கிறிஸ்டியான் பர்னார்ட் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தார். அந்தச் செய்தியைப் பள்ளியில் கேட்டபோதே இதய சர்ஜன் ஆவது என்று முடிவு செய்ததாக ஷெட்டி பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மங்களூர் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் படிப்பு, லண்டன் கைஸ் மருத்துவமனையில் பயிற்சி. 1989-ல் இந்தியா திரும்பி, கொல்கத்தாவின் பி.எம். பிர்லா இதய மருத்துவமனையில் சேர்ந்தார். 1992-ல் பிறந்து ஒன்பதே நாளான குழந்தைக்கு இதய ஆபரேஷன் செய்தது அவரை நாடு முழுக்கத் தெரியவைத்தது. அன்னை தெரசாவுக்குச் சிகிச்சை அளித்ததும் கொல்கத்தா காலத்தில்தான்.

பிறகு பெங்களூர் வந்து மணிப்பால் மருத்துவமனையில் வேலை. 2001-ல், கட்டுமானத் தொழிலில் இருந்த மாமனார் குடும்பத்தின் ஆதரவோடு பொம்மசந்திராவில் நாராயணா ஹ்ருதயாலயா தொடங்கியது. 2004-ல் பத்மஸ்ரீ, 2012-ல் பத்மபூஷண்.

எந்த மேடையிலும் விலையை ஒரு சவாலாக அறிவிப்பது ஷெட்டியின் ஸ்டைல். இதய ஆபரேஷனை 800 டாலருக்குக் கொண்டுவருவேன் என்று அவர் சொன்னது உலகப் பத்திரிகைகளில் தலைப்புச் செய்தி ஆனது. 2009-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அவரை கார் தயாரிப்பாளர் ஹென்றி ஃபோர்டோடு ஒப்பிட்டது. 2020-ல் நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடர் ஒன்றில் ஒரு எபிசோடே அவரைப் பற்றியது.

சரி, விலை எப்படிக் குறைந்தது?

மேஜிக் எதுவும் இல்லை, கணக்குதான். ஆபரேஷன் தியேட்டர், கேத் லேப், ஐசியு எல்லாமே பெரிய முதலீடு. ஒரு நாளைக்கு ஒரு ஆபரேஷன் நடந்தால் மொத்தச் செலவும் அந்த ஒரே நோயாளி தலையில் விழும். பத்து நடந்தால் பத்துப் பேருக்குப் பிரியும்.

2008-ம் ஆண்டுக்கான எண்களைப் பாருங்கள். நாராயணாவின் 42 இதய சர்ஜன்கள் அந்த வருடம் 3,174 பைபாஸ் ஆபரேஷன்கள் செய்தார்கள். அமெரிக்காவின் புகழ்பெற்ற கிளீவ்லேண்ட் கிளினிக்கில் அதே வருடம் 1,367. அப்போது பொம்மசந்திராவில் ஒரு திறந்த இதய ஆபரேஷனின் சராசரிச் செலவு சுமார் 2,000 டாலர். அமெரிக்காவில் 20,000 டாலரில் ஆரம்பித்து ஒரு லட்சம் வரை போனது.

எண்ணிக்கை கூடினால் தரம் குறையாதா? நியாயமான கேள்வி. பைபாஸ் முடிந்து 30 நாளுக்குள் இறப்பு விகிதம் அங்கே 1.4 சதவீதம், அமெரிக்க சராசரி 1.9 சதவீதம் என்று அதே காலத்தில் செய்தி வந்தது. ஆனால் இதை அப்படியே ஒப்பிடக் கூடாது. நோயாளிகளின் வயது, மற்ற நோய்கள் எல்லாம் இரண்டு நாட்டிலும் வேறு. தரம் மோசமாகவில்லை என்பதற்கு இது ஒரு அறிகுறி, அவ்வளவுதான்.

மற்ற வழிகள் சின்னச் சின்னவை. சில கருவிகளை விலை கொடுத்து வாங்காமல், சப்ளையர் வைத்துவிட்டுப் போகும் இயந்திரத்துக்கு ரசாயனச் செலவை மட்டும் கொடுப்பது. ஆபரேஷன் கவுன், விரிப்பு போன்றவற்றை உள்ளூர் நிறுவனத்திடம் மலிவாக வாங்குவது. அன்றன்றைய வரவு செலவை எஸ்எம்எஸ்-ஸில் டாக்டர்களுக்கே அனுப்புவது. மைசூரில் கட்டிய மருத்துவமனையில் ஏசியைத் தியேட்டர், ஐசியு போன்ற இடங்களோடு நிறுத்திவிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகான பராமரிப்பில் குடும்பத்தினருக்கே பயிற்சி கொடுத்தார்கள்.

மாதம் 5 ரூபாய் இன்சூரன்ஸ்

விலை குறைந்தாலும் ஒரு விவசாயக் குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் பெரிய தொகைதான். அதற்காக ஷெட்டி அரசிடம் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது யஷஸ்வினி. கர்நாடகக் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்களுக்காக 2003-ல் தொடங்கியது. ஆளுக்கு மாதம் 5 ரூபாய், வருடத்துக்கு 60 ரூபாய்; அரசும் பங்கு போட்டது. முதல் வருடமே சுமார் 16 லட்சம் பேர் சேர்ந்தார்கள்.

தமிழ்நாட்டில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது 2009-ல். அதற்கு ஆறு வருடம் முன்பே பக்கத்து மாநிலத்தில் இது ஓடிக்கொண்டிருந்தது. 2018-ல் வேறு அரசுத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட யஷஸ்வினி, 2022-ல் மறுபடியும் தனியாகக் கொண்டுவரப்பட்டது.

இதில் ஒரு தொழில் கணக்கும் இருக்கிறது. நாராயணாவின் மலிவு விலைக்குத் தினமும் நிறைய நோயாளிகள் வர வேண்டும். பணமில்லாதவரையும் நோயாளியாக வரவைப்பது இன்சூரன்ஸ். ஏழைக்கும் லாபம், மருத்துவமனைக்கும் லாபம்.

பங்குச் சந்தைக்குப் போனதும் என்ன மாறியது?

வளர்வதற்குப் பணம் வேண்டும். 2008-ல் ஜேபி மார்கன் உள்ளிட்ட முதலீட்டாளர்கள் சுமார் 400 கோடி ரூபாய் போட்டு ஏறக்குறைய 25 சதவீதப் பங்கை வாங்கினார்கள். 2015 டிசம்பரில் ஐபிஓ. ஒரு பங்கு 250 ரூபாய், மொத்தம் சுமார் 613 கோடி. 2016 ஜனவரியில் பங்கு பட்டியலிடப்பட்டது.

இதற்கு நடுவில், 2014-ல், கரீபியன் கடலில் உள்ள கேமன் தீவில் ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அதுவரை தீவுக்காரர்கள் பெரிய சிகிச்சைக்கு மயாமிக்குப் பறந்தவர்கள். இந்திய மருத்துவப் பட்டங்களை ஏற்கும்படி அந்த அரசு சட்டத்தையே திருத்தியது. 2023-24-ல் குழுமத்தின் மொத்த வருமானம் 5,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அந்தச் சின்னத் தீவிலிருந்து வந்தது. லாப விகிதமும் இந்தியாவைவிட அங்கே மிக அதிகம்.

பட்டியலிட்ட கம்பெனி என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு நோயாளியிடமிருந்து வரும் சராசரி வருமானம் கூடினால் அது அங்கே நல்ல செய்தி. உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுதான் உங்கள் பில். கூடியதற்குப் பணவீக்கமும், சிக்கலான சிகிச்சைகள் அதிகமானதும் காரணமாக இருக்கலாம். ஆனாலும் மலிவு என்ற வாக்குறுதியும் லாபம் என்ற எதிர்பார்ப்பும் எதிரெதிராக இழுப்பது இந்த இடத்தில்தான்.

மதுரைக்காரர்கள் வேறு வழியில் போனார்கள்

இதே கணக்கு நம்ம ஊரில் முன்பே நடந்தது. டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன கையோடு ஆபரேஷன் செய்தவர். நிறைய ஆபரேஷன், குறைந்த செலவு, பணம் கொடுப்பவரின் காசில் கொடுக்க முடியாதவருக்கும் சிகிச்சை. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரிக்க 1992-ல் ஆரோலேப் தொடங்கினார்கள்.

வித்தியாசம் உரிமையில் இருக்கிறது. அரவிந்தை நடத்துவது அறக்கட்டளை. மிச்சமாகும் பணம் மருத்துவமனைக்கே திரும்பும். நாராயணாவுக்குப் பங்குதாரர்கள் உண்டு. அதற்காக ஒன்று புனிதம், மற்றது பாவம் என்று சொல்லிவிட முடியாது. கண்புரை ஆபரேஷனைவிட இதய ஆபரேஷனுக்கு முதலீடு பல மடங்கு தேவை, சந்தைப் பணம் அதைச் சீக்கிரம் கொண்டுவரும். ஆனால் அந்தப் பணம் சும்மா வராது.

ஆஸ்பத்திரியே இன்சூரன்ஸ் விற்றால்?

2024-ல் நாராயணா தன் சொந்த இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முதல் திட்டமான அதிதியை மைசூரு பகுதியில் அறிமுகம் செய்தது. நான்கு பேர் குடும்பத்துக்கு வருடம் சுமார் 10,000 ரூபாய். அறுவை சிகிச்சைக்கு ஒரு கோடி வரை, மற்ற சிகிச்சைக்கு 5 லட்சம் வரை, பொது வார்டில். கூடவே பெங்களூரில் சந்தா முறையில் இயங்கும் கிளினிக்குகளும் திறக்கிறார்கள்.

இது ஏன் முக்கியம்? வழக்கமாக நீங்கள் நோயில் விழுந்தால்தான் மருத்துவமனைக்கு வருமானம். இன்சூரன்ஸும் அவர்களுடையதே என்றால் ஒவ்வொரு ஆபரேஷனும் அவர்களுக்குச் செலவு. அதனால் உங்களை ஆரோக்கியமாக வைத்திருக்கப் பார்ப்பார்கள் என்பது ஷெட்டி தரப்பு வாதம். அமெரிக்காவில் கைசர் பெர்மனென்ட்டே பல பத்தாண்டுகளாக இப்படித்தான் இயங்குகிறது. எதிர் ஆபத்தும் அதே அமைப்பில்தான்: தேவையான சிகிச்சையையே தள்ளிப்போடத் தூண்டலாம். வேறு மருத்துவமனைக்குப் போகும் சுதந்திரமும் குறையலாம். பாலிசி வாங்கும் முன் இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள்.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

எந்த மருத்துவமனையாக இருந்தாலும் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

1. பேக்கேஜ் விலையில் எத்தனை நாள் ஐசியு, எத்தனை நாள் வார்டு அடங்கும்? அதற்கு மேல் ஒரு நாளுக்கு எவ்வளவு?

2. ஸ்டென்ட், வால்வு விலை தனியா? மருந்து பூசிய ஸ்டென்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தது. அது அவ்வப்போது திருத்தப்படுகிறது. வரிக்கு முந்தைய இன்றைய வரம்பைத் தெரிந்துகொண்டு போங்கள்.

3. இந்த ஆபரேஷனை இந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை முறை செய்கிறார்? நாராயணா கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முக்கியமான கேள்வி இது.

4. உங்கள் முதல்வர் காப்பீட்டு அட்டையோ ஆபீஸ் இன்சூரன்ஸோ அங்கே செல்லுமா? மாநிலம் தாண்டிப் போகும்போது அட்மிஷனுக்கு முன்பே உறுதி செய்யுங்கள்.

5. ஐட்டம்வாரியான பில் கிடைக்குமா? தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் இது உங்கள் உரிமை.

இதய ஆபரேஷனுக்கு ஒரே விலைதான் என்று நினைத்த காலத்தில், அதைக் குறைக்க முடியும் என்று ஷெட்டி நடத்திக் காட்டினார். அதை யாரும் மறுக்க முடியாது. குறைந்த விலை உங்கள் பில்லிலும் குறைந்திருக்கிறதா என்பதை கவுன்ட்டரில் நிற்கும் நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.