ஆணையும் உறுதிமொழியும்

சாட்சி சொல்லுமுன்னும் பதவி ஏற்குமுன்னும் ஒருவர் கொடுக்கும் வாக்கு இரண்டு வகைப்படும். கடவுளைச் சாட்சி வைத்துச் சொல்வது ஆணை. கடவுளின் பெயரை எடுக்காமல் தன் மனச்சாட்சியின் பேரில் சொல்வது உறுதிமொழி. இந்தியச் சட்டத்தில் இன்று இரண்டுக்கும் ஒரே மதிப்பு. எதைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னாலும் தண்டனை ஒன்றுதான். இந்த நிலை எளிதில் வந்துவிடவில்லை. கடவுளை நம்பாதவருக்கு ஒழுக்கம் இருக்க முடியுமா என்று தத்துவவாதிகள் ஏட்டில் விவாதித்த கேள்வி, நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் ‘இவர் சொல்லை நம்பலாமா?’ என்ற நடைமுறைக் கேள்வியாக மாறி, பலரை அலைக்கழித்த பிறகே வந்தது.

தெய்வத்தை முன்வைத்து வாக்குக் கொடுக்கும் வழக்கம் உலகெங்கும் பழையது. எரியும் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது தமிழ்நாட்டு ஊர்ப் பஞ்சாயத்துகளில் வழங்கிய முறை. பொய் சொன்னால் தெய்வம் கேட்கும் என்ற அச்சமே அங்கே பிணை.

அந்த அச்சம் இல்லாதவரை எப்படி நம்புவது? 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இதற்கு ஏழாண்டு இடைவெளியில் இரண்டு விடைகள் எழுந்தன. 1680இல் தோன்றிய வால்மீனைப் பார்த்து மக்கள் நடுங்கியதை வைத்து, பிரெஞ்சு சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்த பியேர் பேல் 1682இல் ஒரு நூல் எழுதினார். மனிதர்கள் தாங்கள் நம்புவதாகச் சொல்லும் கொள்கையின்படி நடப்பதில்லை, இயல்பும் பழக்கமும் மானமுமே அவர்களை நடத்துகின்றன, ஆகவே கடவுளை நம்பாதவர்கள் மட்டுமே வாழும் சமுதாயமும் ஒழுங்காக நடக்க முடியும் என்பது அவர் வாதம். பேல் உள்ளூர நாத்திகரா, உண்மையான பக்தரா என்பதில் ஆய்வாளர்கள் இன்றும் ஒன்றுபடவில்லை. 1689இல் மதச் சகிப்புத்தன்மை பற்றி எழுதிய ஜான் லாக் எதிர்த்திசையில் நின்றார். சகிப்புக்காக அத்தனை வாதாடிய அவர், வாக்கும் ஒப்பந்தமும் ஆணையும் நாத்திகரைக் கட்டுப்படுத்தாது என்று கூறி அவர்களுக்குக் கதவை அடைத்தார். அடுத்த இருநூறு ஆண்டுகள் ஆங்கிலச் சட்டம் நடந்தது பெரும்பாலும் லாக் காட்டிய வழியில்.

முதல் விலக்குப் பெற்றவர்கள் நாத்திகர்கள் அல்லர், ஆழ்ந்த பக்தர்கள். ஆணையே இடக்கூடாது என்று விவிலியத்தைப் படித்துப் புரிந்துகொண்ட குவேக்கர்கள் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர், 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆணைக்குப் பதில் உறுதி கூறும் உரிமையைப் பெற்றார்கள். அவர்களில் ஒருவரான ஜோசப் பீஸ் 1833இல் உறுதி கூறி நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

இந்தியா இந்தக் கதைக்குள் வருவது ஒரு வணிக வழக்கின் வழியாக. ஓமிசந்த் எதிர் பார்க்கர் என்னும் அந்த வழக்கைச் சில சட்டத் தொகுப்புகள் 1744 என்றும் சில 1745 என்றும் குறிக்கின்றன. கல்கத்தாவில் சாட்சி சொன்ன இந்துக்கள், தங்கள் வழக்கப்படி பிராமணர் ஒருவரின் காலைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார்கள். அது லண்டனில் செல்லுமா? கிறிஸ்தவர் அல்லாதவர் சாட்சியாகவே முடியாது என்று பழைய சட்ட மேதை எட்வர்ட் கோக் எழுதியதை ஒதுக்கிவைத்து, செல்லும் என்று தீர்ப்பளித்தது ஹார்ட்விக் பிரபுவின் நீதிமன்றம். ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: பொய்யைத் தண்டிக்கும் ஏதோ ஒரு கடவுளைச் சாட்சி நம்ப வேண்டும். எந்தக் கடவுளானாலும் சரி, கடவுள் இல்லாமல் ஆகாது என்ற இடத்தில் சட்டம் வந்து நின்றது.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்கள் கங்கை நீரையும் குர்ஆனையும் வைத்து ஆணை வாங்கின. இதைப் பலர் மனமுவந்து செய்யவில்லை. கண்ணியமானவர்கள் சாட்சி சொல்லவே வரத் தயங்கினார்கள். 1840ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் இந்த முறையை எடுத்துவிட்டு, இந்துக்களும் முஸ்லிம்களும் உறுதி கூறினால் போதும் என்றது. அந்த உறுதிமொழியிலும் எல்லாம் வல்ல கடவுளின் முன்னிலை இருக்கத்தான் செய்தது.

இங்கிலாந்தில் நிலைமை எவ்வளவு கோணலாக இருந்தது என்பதை ஜான் ஸ்டூவர்ட் மில் 1859இல் வெளியிட்ட ‘சுதந்திரம் பற்றி’ என்ற நூலில் எடுத்துக்காட்டினார். 1857இல் இருவர் தங்களுக்கு மத நம்பிக்கை இல்லை என்று நேர்மையாகச் சொன்னதால் ஜூரியிலிருந்து விலக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர், ‘செக்யுலரிசம்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஜார்ஜ் ஹோலியோக். தன்னிடம் திருடியவன்மீது புகார் கொடுக்க வந்த வெளிநாட்டவர் ஒருவரும் அதே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்டார். மில்லின் வாதத்தின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை. நாத்திகர் பொய்யர் என்பது சட்டத்தின் அனுமானம். ஆனால் பொய் சொல்லத் துணிந்த நாத்திகர் நம்பிக்கை உண்டென்று சொல்லிவிட்டுச் சாட்சிக் கூண்டில் ஏறிவிடலாம். ஊரின் ஏச்சுக்கு அஞ்சாமல் உண்மையைச் சொன்னவரைத்தான் அந்தச் சட்டம் வெளியே தள்ளியது.

1869இல் நிறைவேறிய சாட்சியச் சட்டத் திருத்தம் நம்பிக்கையற்றவரும் நீதிமன்றத்தில் உறுதி கூறிச் சாட்சி சொல்ல வழி செய்தது. அதற்குத் தூண்டுகோலாக இருந்த வழக்குகளில் ஒன்று சார்லஸ் பிராட்லாவுடையது.

பிராட்லா 1833இல் லண்டனின் ஏழைப் பகுதியான ஹாக்ஸ்டனில் பிறந்தவர். ஞாயிறு பள்ளியில் சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நற்செய்தி நூல்களும் ஆங்கிலத் திருச்சபையின் 39 கொள்கைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று பாதிரியாருக்கு எழுதிக் கேட்டார். பதிலாகக் கிடைத்தது இடைநீக்கம். வீட்டைவிட்டு வெளியேறினார், குதிரைப்படையில் சேர்ந்தார், விலகிவந்து வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்து சட்டம் கற்றார். 1866இல் தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தை நிறுவினார். 1877இல் கருத்தடை பற்றிய நூலை வெளியிட்டதற்காக அவரோடு குற்றவாளிக் கூண்டில் நின்றவர் அன்னி பெசன்ட். பிற்காலத்தில் அடையாறில் பிரம்மஞான சபையின் தலைவராகச் சென்னைக்கு அறிமுகமான அதே பெசன்ட் அம்மையார்தான்.

மூன்று முறை தோற்றபின், செருப்புத் தொழிலாளர்கள் நிறைந்த நார்த்தாம்ப்டன் தொகுதி 1880இல் பிராட்லாவைத் தேர்ந்தெடுத்தது. மே 3 அன்று அவர் அவைக்கு வந்து, ஆணைக்குப் பதில் உறுதி கூற அனுமதி கேட்டார். இதை ஆராய்ந்த குழு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் மறுத்தது. அப்படியானால் ஆணையே எடுக்கிறேன் என்றார். அதன் சமயச் சொற்கள் தமக்குப் பொருளற்றவை, ஆனால் கொடுக்கும் வாக்கு தம்மை முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டுத்தான் முன்வந்தார். இப்போது, நம்பாத ஒருவர் ஆணையிடுவது தெய்வநிந்தை என்று தடுத்தார்கள். உறுதி கூற உரிமை இல்லை, ஆணையிடத் தகுதி இல்லை. அந்த ஆண்டு ஜூன் 23 அன்று அவையைவிட்டு விலக மறுத்த அவரை, இன்று பிக் பென் என்று உலகம் அறிந்த மணிக்கூண்டில் ஓர் இரவு அடைத்து வைத்தார்கள்.

எதிர்த்தவர்களின் நோக்கம் என்ன என்பதில் வரலாற்றாசிரியர்கள் வேறுபடுகிறார்கள். கன்சர்வேட்டிவ் கட்சியின் இளம் உறுப்பினர்கள், குறிப்பாக ராண்டால்ஃப் சர்ச்சில், பிரதமர் கிளாட்ஸ்டனைத் திணறடிக்கக் கிடைத்த வாய்ப்பாகவே இதைப் பயன்படுத்தினார்கள் என்பது ஒரு கருத்து. பிராட்லாவின் குடியரசுக் கொள்கையும் கருத்தடைப் பிரசாரமும் நாத்திகத்தைவிட அதிகம் உறுத்தின என்பது இன்னொன்று. கார்டினல் மானிங் போன்றவர்களின் எதிர்ப்பு மெய்யான சமயக் கவலையிலிருந்து வந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை.

பின்னர் சில மாதங்கள் தம் சொந்தப் பொறுப்பில் உறுதி கூறி அவையில் அமர்ந்த பிராட்லாமீது வழக்குத் தொடுத்தார்கள். சட்டவிரோதமாகப் போட்ட ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுண்டு அபராதம் என்பது விதி. பதவி பறிபோனது. 1881 ஏப்ரலில் நார்த்தாம்ப்டன் அவரையே மறுபடி அனுப்பியது. ஆகஸ்ட் 3 அன்று உள்ளே நுழைய முயன்றவரைக் காவலர்களும் பணியாளர்களும் சேர்ந்து இழுத்தும் தள்ளியும் படிகளில் இறக்கி முற்றத்தில் விட்டார்கள். மேல்சட்டை கிழிந்து தொங்க, மூச்சிரைத்து நின்றார் அந்த ஆறடி மனிதர். மனுக்களோடு வந்து கூடியிருந்த ஆதரவாளர்கள் உள்ளே பாயத் துடித்தார்கள். அவர்களைத் தாம் அமைதிப்படுத்தித் தடுத்ததைப் பெசன்ட் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். கடவுளை நம்பாதவன் எந்தக் கட்டுக்கும் அடங்கமாட்டான் என்று உள்ளே பேசிக்கொண்டிருந்த நாளில், வெளியே கூட்டத்தைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டவர்கள் நாத்திகர்கள்.

1882 பிப்ரவரி 21 அன்று அவர் யாரும் எதிர்பாராதவாறு அவை நடுவே நடந்து சென்று, சட்டைப்பையிலிருந்து புதிய ஏற்பாட்டை எடுத்து, ஆணையைத் தாமே படித்து, தாமே கையொப்பமிட்டார். மறுநாள் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே நார்த்தாம்ப்டன் மீண்டும் அவரைத் தேர்ந்தெடுத்தது.

1883இல் அரசே ஓர் உறுதிமொழி மசோதா கொண்டுவந்தது. அதற்காகக் கிளாட்ஸ்டன் ஏப்ரல் 26 அன்று ஆற்றிய உரை அவருடைய மிகச் சிறந்த உரைகளில் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அவர் ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர். ஏதோ ஒரு தெய்வத்தை, மனிதரைக் கண்டுகொள்ளாத தெய்வத்தைக்கூட, ஒப்புக்கொண்டால் போதும் என்று கேட்கும் ஆணையால் மதத்துக்கு என்ன பெருமை என்று கேட்டார். இதற்காக உரோமக் கவிஞர் லுக்ரீஷியஸின் வரிகளை லத்தீனிலேயே எடுத்துக்காட்டினார். மசோதா 289க்கு 292 என்று மூன்று வாக்குகளில் தோற்றது.

முடிவு ஆரவாரமின்றி வந்தது. 1886 ஜனவரியில் புதிய நாடாளுமன்றம் கூடியபோது, உறுப்பினர் ஆணையெடுப்பதில் குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்று சபாநாயகர் ஆர்தர் பீல் சொல்லிவிட்டார். பிராட்லா மற்றவர்களோடு ஆணையெடுத்து அமர்ந்தார். இரண்டே ஆண்டில், 1888இல், ஆணை எடுக்க வேண்டிய எல்லா இடங்களிலும் உறுதி கூறலாம் என்ற சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். எதற்காக உறுதி கூறுகிறோம் என்ற காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அச்சட்டம் கேட்டது அவருடைய தோழர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை.

1889 டிசம்பரில் பம்பாய் காங்கிரசுக்கு வந்த அவரை ‘இந்தியாவுக்கான உறுப்பினர்’ என்று மக்கள் கொண்டாடினார்கள். 1891 ஜனவரி 27 அன்று, அவரைத் தடுத்த 1880ஆம் ஆண்டுத் தீர்மானத்தைத் தன் பதிவேட்டிலிருந்து அவை நீக்கியது. அப்போது அவர் மரணப் படுக்கையில் இருந்தார். செய்தி அவர் காதில் விழவில்லை. மூன்று நாளில் இறந்தார். அடக்கத்துக்குச் சென்றவர்களில் 21 வயதுச் சட்ட மாணவர் மோகன்தாஸ் காந்தியும் ஒருவர். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் நாத்திகர் ஒருவர் பாதிரியாரை மடக்கி வம்புக்கு இழுத்ததைக் கண்டு, நாத்திகத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பு கூடியதாகக் காந்தி எழுதியிருக்கிறார். லாகூரில் பிராட்லாவின் பெயரால் ஒரு மண்டபம் எழுந்தது. அங்கே இயங்கிய தேசியக் கல்லூரியில் படித்தவர் பகத் சிங்.

சென்னையிலும் பிராட்லாவின் காலத்திலேயே ஒரு நாத்திக இயக்கம் இருந்தது. சென்னை இலௌகிக சங்கத்தினர் 1882 முதல் 1888 வரை ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். நூறாண்டுக்கு மேல் மறந்து கிடந்த அதன் பக்கங்களைப் பேராசிரியர் வீ. அரசு தொகுத்து வெளியிட்ட பிறகே தமிழ் நாத்திகத்தின் வரலாறு சுயமரியாதை இயக்கத்துக்கு முன்பே தொடங்குகிறது என்பது பரவலாகத் தெரியவந்தது.

இந்திய அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பில் கடவுள் பெயரைச் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களில் எச். வி. காமத் முதன்மையானவர். முகவுரையில் சேர்க்க அவர் கொண்டுவந்த திருத்தம் 1949 அக்டோபரில் 41க்கு 68 என்று தோற்றது. பதவியேற்பில் மட்டும் இரண்டு வழிகளும் வைக்கப்பட்டன: கடவுளின் பெயரால் ஆணை, அல்லது உளமார்ந்த உறுதி. 1969ஆம் ஆண்டின் ஆணைகள் சட்டம் நீதிமன்றச் சாட்சிகளுக்கும் இதே தெரிவைத் தந்தது.

தமிழ்நாட்டில் ‘உளமார உறுதிகூறுகிறேன்’ என்பது 1967க்குப் பின் திராவிட முன்னேற்றக் கழக அமைச்சர்கள் பலரின் பதவியேற்பில் பழகிப்போன குரல். இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சுயமரியாதைத் திருமணம். புரோகிதரும் சடங்கும் இல்லாமல், உற்றார் முன் இருவர் கொடுத்துக்கொண்ட வாக்கைத் திருமணமாக ஏற்க 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 7ஏ பிரிவு, முன்பு நடந்தவற்றையும் சேர்த்து அந்தத் திருமணங்களைச் செல்லுபடியாக்கியது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் குழந்தைகளின் வாரிசுரிமை இதனால் உறுதியானது.

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தின் ராய் டார்காசோ, கடவுள் இருப்பதாக அறிவிக்க மறுத்ததால் நோட்டரி பதவி கிடைக்காமல் வழக்காடி 1961இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். ஆயினும் சில மாநில அரசியலமைப்புகளில் அந்தப் பழைய வரிகள் இன்றும் அச்சில் உள்ளன. நாத்திகர் சாட்சி சொல்லத் தகுதியற்றவர் என்கிறது ஆர்கன்சாஸ் மாநிலத்தின் வரி, அது செல்லாது.

அண்மைக் காலத்தில் இந்தக் கேள்வி கணக்கெடுப்பாளர்கள் கைக்குப் போயிருக்கிறது. பியூ ஆய்வு மையம் 34 நாடுகளில் 2019இல் கேட்டு 2020இல் வெளியிட்ட முடிவில், ஒழுக்கத்துக்குக் கடவுள் நம்பிக்கை தேவை என்றவர்கள் இந்தியாவில் 79 விழுக்காடு, சுவீடனில் 9 விழுக்காடு. 13 நாடுகளில் 3,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், கொடுங்கொலைகாரன் ஒருவனைப் பற்றிய விவரிப்பைப் படித்தவர்கள் அவன் நாத்திகனாக இருப்பான் என்றே அதிகம் ஊகித்தார்கள். அப்படி ஊகித்தவர்களில் நாத்திகர்களும் இருந்தார்கள்.