சூஃபிதார் இஃப்தார் பணி

சென்னை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் ரமலான் நோன்பாளிகளுக்கு இந்துத் தொண்டர்கள் நாள்தோறும் உணவு பரிமாறும் வழக்கம். இந்தியப் பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் தொடங்கியது. பல பதிற்றாண்டுகளாகத் தொடர்கிறது. மதக் கலவரத்தில் ஊரை இழந்தவர் மனத்தில் கசப்பு தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ சூஃபி ஞானி ஒருவரின் அடியாராக வாழ்ந்து, மயிலாப்பூரில் சூஃபிதார் ஆலயத்தை நிறுவினார். அதன் சுவர்களில் சூஃபி ஞானியர், இந்து தெய்வங்கள், இயேசு, குருநானக் படங்கள் அருகருகே உள்ளன.

ஆலயத்தில் சமைத்த சைவ உணவு மாலையில் வண்டியேறிப் பள்ளிவாசல் சேரும். தொண்டர்கள் தலையில் தொப்பி அணிந்து, வரிசையாக அமர்ந்திருப்போருக்கு நடுவே குனிந்து குனிந்து பரிமாறுவார்கள். நோன்பு திறக்க ஆயிரம் பேர்வரை கூடுவதுண்டு. விருந்தோம்பலைவிட, ஒருவர் சமைத்ததை மற்றவர் தயக்கமின்றி உண்ணும் நம்பிக்கையே இங்கு பெரிது.

ஆர்க்காட்டு நவாப் குடும்பம் 1795இல் கட்டிய இப்பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு வாசகத்தை இயற்றியவரும் ஓர் இந்துவே: நவாபின் முன்ஷியான (செயலர்) மக்கன்லால் கிராத்.