சிறையிற் கூடிய நகரசபை
பிரித்தானிய உள்ளூராட்சியிற் கட்சி அரசியல் – ஒரு நோக்கு

பிரித்தானிய அரசியல் வரலாற்றைக் கற்கும்பொழுது நாம் பெரும்பாலும் வெஸ்ற்மினிஸ்ரர்ப் பாராளுமன்றத்துடனேயே நின்றுவிடுகின்றோம். பிரதமர்கள் மாறிய வரலாறும், பெருங் கட்சிகள் மாறிமாறி ஆட்சிபீடமேறிய வரலாறுமே எமது பாடநூல்களை நிறைக்கின்றன. ஆயின், ஒரு கட்சி தனக்கு வாக்களித்த மக்களுக்கு எவ்வளவு தூரம் உண்மையுடையதாய் நடந்துகொண்டது என்பதை அறிவதற்குப் பாராளுமன்றத்தைக் காட்டிலும் உள்ளூராட்சி மன்றமே தகுந்த உரைகல்லாகும். வீடு, தெருவிளக்கு, ஊழியர் கூலி, வறியோர் நிவாரணம் என்பன பற்றி முடிவெடுக்குமிடத்து மேடைப்பேச்சு உதவாது. பணம் கொடுப்போர் யார், பயன் பெறுவோர் யார் என்னும் வினாவுக்கு அங்கே விடை கூறியே ஆகவேண்டும்.

எமது நாட்டில் 1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியற்றிட்டத்தின் நிருவாகக்குழு முறை, லண்டன் மாவட்ட சபையின் குழுமுறையை ஓரளவு முன்மாதிரியாகக் கொண்டதென்பர். ஆகவே லண்டன் உள்ளூராட்சியின் வரலாறு எமக்கு முற்றிலும் அந்நியமான பொருளன்று. அவ்வரலாற்றில் 1921ஆம் ஆண்டு பொப்ளர் நகரசபையினர் நடத்திய போராட்டத்தையும், அதனைத் தொழிற்கட்சித் தலைமை நோக்கிய விதத்தையும், அறுபது ஆண்டுகளின் பின்னர் அதே வினா மீண்டும் எழுந்தபொழுது நேர்ந்தவற்றையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்கும் வரியும்

பிரித்தானிய உள்ளூராட்சியின் அடித்தளமாக அக்காலத்தில் ஆதனவரி விளங்கியது. யாழ்ப்பாணத்திற் சோலைவரி என்று நாம் வழங்குவதும் இத்தகைய வரியே. வீடு, கடை, தொழிற்சாலை ஆகியவற்றின் வாடகைப் பெறுமதியைக் கணித்து, பவுணுக்கு இத்தனை சிலிங் என அறவிடப்பட்ட இவ்வரியே சபைகளின் பிரதான வருமானமாயிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் வாக்குரிமையும் இவ்வரியோடு பிணைக்கப்பட்டிருந்தது. வறியோர் நிவாரணம் பெற்றவர் வாக்குரிமையை இழந்தார். பசிக்கு அரிசி கேட்டவன் அரசியல் பேசும் உரிமையைக் கையளித்துவிட்டே அதனைப் பெறவேண்டியிருந்தது என்று எமது வழக்கிற் கூறலாம்.

1889இல் முதன்முறையாகத் தெரிவுசெய்யப்பட்ட லண்டன் மாவட்ட சபையில் முற்போக்கு அணியினர் பெரும்பான்மை பெற்றனர். தாராண்மைவாதிகளும் பேபியன் சோசலிசவாதிகளும் அவ்வணியில் இணைந்திருந்தனர். அச்சபையின் செல்வாக்குக்கு எதிரெடையாகவே, 1899இல் சோல்ஸ்பரிப் பிரபுவின் பழைமைபேண் அரசாங்கம் லண்டனில் 28 நகர்ப்பிரிவுகளை அமைத்து ஒவ்வொன்றுக்கும் தனிச்சபையை வழங்கியது. இதனால் நேர்ந்த விளைவு ஊன்றி நோக்கத்தக்கது. ஒவ்வொரு பிரிவும் தன் எல்லைக்குள் வாழ்ந்த வறியோரின் நிவாரணச் செலவிற் பெரும்பகுதியைத் தானே தாங்கவேண்டியதாயிற்று. மாளிகைகளும் பெருங் கடைகளும் நிறைந்த வெஸ்ற்மினிஸ்ரரில் வரி விதிக்கத்தக்க சொத்து மிகுதி; வறியோர் தொகையோ குறைவு. துறைமுகத் தொழிலாளர் செறிந்து வாழ்ந்த பொப்ளரில் இந்நிலை தலைகீழாயிருந்தது. பவுணுக்கு ஒரு பென்னி வரி விதித்தால் வெஸ்ற்மினிஸ்ரரிற் கிடைத்த தொகை பொப்ளரிற் கிடைத்ததைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே, வறுமை மிகுந்த இடத்திலே வரி உயர்ந்தும், செல்வம் மிகுந்த இடத்திலே வரி தாழ்ந்தும் காணப்பட்டன. ஏழையைத் தாங்கும் பொறுப்பு ஏழையின் அயலவனான மற்றோர் ஏழை மீதே சுமத்தப்பட்டது.

1918ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் வாக்குரிமையை விரிவாக்கியதோடு, நிவாரணம் பெற்றோருக்கிருந்த தடையையும் நீக்கியது. அதன் பயன் அடுத்த ஆண்டிலேயே புலப்பட்டது. 1919 நவம்பரில் நடைபெற்ற தேர்தலிற் பொப்ளர் சபையின் 42 ஆசனங்களில் 39ஐத் தொழிற்கட்சி கைப்பற்றியது. துறைமுகத் தொழிலாளர், புகையிரத ஊழியர், இல்லத்தரசியர் என்போர் நகரசபை அங்கத்தவராயினர். ஜோர்ஜ் லான்ஸ்பெரி அங்கு தொழிற்கட்சியின் முதல் நகரபிதாவானார். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டி 1912இல் தமது பாராளுமன்ற ஆசனத்தையே துறந்து, இடைத்தேர்தலிற் போட்டியிட்டுத் தோல்வியுற்றவர் அவர். புதிய சபை தன் ஊழியருக்கு ஆண், பெண் வேறுபாடின்றி வாரம் 4 பவுண் குறைந்தபட்சக் கூலி வழங்கியது. அக்காலத்தில் இது புரட்சிகரமான செயலேயாம்.

1921ஆம் ஆண்டுப் போராட்டம்

போர்க்காலச் செழிப்பு 1920இன் இறுதியிற் சரிந்தது. வேலையின்மை பெருகவே நிவாரணச் செலவும் பெருகியது. அதனை ஈடுசெய்ய வரியை உயர்த்தினால் வேலையற்றோர் குடியிருக்கும் வீடுகளின் வாடகை உயரும். நிவாரணத்தைக் குறைத்தாற் குழந்தைகள் பட்டினி கிடக்கும். இவ்விரு வழிகளையும் மறுத்த பொப்ளர் சபை மூன்றாவது வழியொன்றைத் தேர்ந்தது. லண்டன் மாவட்ட சபை, பொலிஸ், நீர்வழங்கற் சபை முதலான பொது அமைப்புகளுக்காகத் தான் அறவிட்டுச் செலுத்தவேண்டிய பங்குப்பணத்தை அறவிடுவதில்லை என 1921 மார்ச்சில் அது தீர்மானித்தது. லண்டன் முழுவதும் வறியோரின் சுமையைப் பகிர்ந்துகொள்ளும்வரை லண்டனின் பொதுச்செலவிற் பொப்ளர் பங்கேற்காது என்பதே அதன் நிலைப்பாடாகும்.

மாவட்ட சபை நீதிமன்றத்தை நாடியது. யூலை 29ஆந் திகதி நகரபிதா சாம் மார்ச் தலைமையில், செங்கோல் ஏந்துவோன் முன்செல்ல, அங்கத்தவர்கள் பொப்ளரிலிருந்து உயர் நீதிமன்றம்வரை ஊர்வலமாக நடந்து சென்றனர். வழக்குக்கு வந்தவர்களைப் போலன்றி விழாவுக்குச் செல்பவர்களைப் போலவே அவர்கள் சென்றனர். நீதிமன்றக் கட்டளைக்கு அவர்கள் பணியவில்லை. செப்ரெம்பர் மாதத்தின் முதல் நாட்களில் 30 அங்கத்தவர்கள் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைப்படுத்தப்பட்டனர். ஆண்கள் 25 பேர் பிறிக்ஸ்ரன் சிறைக்கும், பெண்கள் ஐவர் ஹொலவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர்.

அப்பெண்களுள் இருவரைச் சிறப்பாகக் குறிப்பிடுதல் வேண்டும். சூசன் லோறன்ஸ் ஆரம்பத்திற் பழைமைபேண் அணியைச் சார்ந்து லண்டன் மாவட்ட சபையில் இருந்தவர். பாடசாலைகளைத் துப்புரவு செய்யும் பெண்களின் கூலிநிலை கண்டு மனம்மாறித் தொழிற்கட்சியிற் சேர்ந்தவர். நெல்லி கிறெசல் சிறை செல்லும்பொழுது கர்ப்பிணியாயிருந்தார். அவரைச் சிறையில் வைத்திருப்பது தனக்கே இழுக்கென உணர்ந்த அரசாங்கம் முன்னதாகவே விடுவித்தது.

சிறையினுள்ளேயும் சபையின் அலுவல்கள் நின்றுவிடவில்லை. பிறிக்ஸ்ரன் சிறையிலேயே நகரசபைக் கூட்டங்களை நடத்த அனுமதி பெறப்பட்டது. ஹொலவேயிலிருந்து பெண் அங்கத்தவர்கள் வாகனத்தில் அங்கு அழைத்துவரப்பட்டனர். வெளியே திரண்ட மக்களுக்கு லான்ஸ்பெரி சிறைக்கம்பிகளினூடே உரையாற்றினார். பெத்னல் கிறீன், ஸ்ரெப்னி ஆகிய அயற் சபைகளும் பொப்ளரைப் பின்பற்ற முன்வந்தன. தான் எதிர்ப்பது முப்பது பேரையன்று, கிழக்கு லண்டனையே என்பதை லொயிட் ஜோர்ஜின் கூட்டரசாங்கம் உணர்ந்தது. ஒக்ரோபர் 12ஆந் திகதி அங்கத்தவர்கள் விடுவிக்கப்பட்டனர். நிவாரணச் செலவை லண்டன் முழுவதற்கும் பகிர்ந்தளிக்கும் சட்டம் அவ்வாண்டிலேயே நிறைவேறியது. ஆறு வாரச் சிறைவாசம் பல்லாண்டு மனுக்கள் சாதிக்காததைச் சாதித்தது.

ஆயின், வெற்றிக்கு விலையும் இருந்தது. சிறை சென்ற பெண்களுள் ஒருவரும் லான்ஸ்பெரியின் மருமகளுமான மினி லான்ஸ்பெரி 1922 ஜனவரி முதலாந் திகதி நிமோனியாவினாற் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 32 மட்டுமே.

இரு வழிகள்

இப்போராட்டத்தை எதிர்த்தோர் பழைமைபேண் கட்சியினர் மட்டுமல்லர். ஹக்னி நகரபிதாவும் லண்டன் தொழிற்கட்சியின் செயலாளருமான ஹேபேட் மொறிசன் இதனை விரும்பவில்லை. தொழிற்கட்சி ஆளத் தகுதியுடையதென வாக்காளர் நம்பவேண்டுமாயின் அது சட்டத்தை மதித்து நடக்கவேண்டும் என்பது அவர் கருத்து. எனினும், தொழிற்கட்சி நகரபிதாக்கள் ஸ்கொத்லாந்தில் ஓய்விலிருந்த பிரதமரைத் தேடிச்சென்று பேசியபொழுது அக்குழுவில் அவரும் பங்குகொண்டார் என்பதை நடுநிலையோடு கூறுதல் வேண்டும்.

மொறிசனின் வழி பயனற்றதென ஒதுக்கிவிட இயலாது. 1934இல் அவரது தலைமையில் 69 ஆசனங்களைப் பெற்று லண்டன் மாவட்ட சபையைத் தொழிற்கட்சி கைப்பற்றியது. 1965இல் அச்சபை மறையும்வரை அதனை இழக்கவுமில்லை. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் லண்டனின் பல பிரிவுகளிற் தொழிற்கட்சி பின்னடைவுற்றபொழுது, பொப்ளர் மக்கள் தமது சபையைக் கைவிடவில்லை. சட்டத்தை மீறியோரை வாக்காளர் தண்டிப்பர் என்ற அச்சம் பொப்ளரிற் பொய்த்தது. கட்சித் தலைமை வாக்காளரைக் கற்பனையிற் கண்டது. லான்ஸ்பெரியோ அவர்களைத் தெருவிற் கண்டார்.

தீர்ப்புகளின் நீண்ட நிழல்

சிறைச்சாலையாற் சாதிக்க முடியாததைக் கணக்காய்வு சாதிக்க முயன்றது. வாரம் 4 பவுண் கூலி சட்டத்துக்குப் புறம்பான செலவு என்றும், அம்மிகைத் தொகையை அங்கத்தவர்களிடமிருந்தே அறவிடவேண்டும் என்றும் அரசாங்கக் கணக்காய்வாளர் கட்டளையிட்டார். 1925இற் பிரபுக்கள் சபை அதனை ஏற்றது. வரியிறுப்போரின் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பாளராக நின்று காப்பதே சபையின் கடமையெனத் தீர்ப்புக் கூறியது. 1918இற் சட்டம் வாக்கைப் பணத்திலிருந்து பிரித்தது. 1925இல் நீதிமன்றம் அதனை மீண்டும் பணத்தோடு பிணைத்தது எனலாம்.

இத்தீர்ப்பு ஏட்டில் உறங்கவில்லை. 1981இற் பெரும்லண்டன் சபையிற் தொழிற்கட்சி தேர்தல் வாக்குறுதியின்படி போக்குவரத்துக் கட்டணங்களைக் குறைத்தது. புறநகரான புறொம்லியின் பழைமைபேண் சபை வழக்குத் தொடுக்க, அவ்வாண்டு டிசெம்பரிற் பிரபுக்கள் சபை அக்குறைப்பைச் சட்டவிரோதமாக்கியது. அத்தீர்ப்பிலும் வரியிறுப்போருக்கான பொறுப்பு என்ற பழைய வாதமே ஒலித்தது. பின்னர் 1986 மார்ச் 31இல் மார்கிறெற் தட்சரின் அரசாங்கம் பெரும்லண்டன் சபையையே ஒழித்துவிட்டது. தேர்தலில் வெல்ல முடியாத சபையைச் சட்டத்தால் இல்லாதொழித்தமை மக்களாட்சிக்கு ஏற்ற செயலென எவ்வாறு கூறலாம்?

1984ஆம் ஆண்டுச் சட்டம் சபைகள் விதிக்கும் வரிக்கு உச்சவரம்பிட்டபொழுது, லிவர்பூல், லம்பெத் ஆகிய சபைகளின் தொழிற்கட்சியினர் பொப்ளரை நினைவூட்டியே எதிர்த்து நின்றனர். அவர்கள் தோற்றனர். லிவர்பூலில் 47 பேர் பணம் செலுத்தக் கட்டளையிடப்பட்டுப் பதவி இழந்தனர். இதற்குக் கட்சித் தலைவர் நீல் கினொக் அவர்களைக் கைவிட்டமையே காரணமென இடதுசாரிகள் கூறுவர். அது பாதி உண்மையே. மறுபாதி அவர்களுடைய செயலிலேயே உண்டு. பொப்ளர் அங்கத்தவர்கள் தாமே சிறை சென்றனர். லிவர்பூல் சபையோ 1985 செப்ரெம்பரில் தன் சொந்த ஊழியர்களுக்கே வேலைநீக்க அறிவித்தல்களை வாடகைக் கார்களில் அனுப்பியது. அது போராட்டத் தந்திரம் மட்டுமே எனச் சபையினர் விளக்கினர். ஆனால், கடிதத்தைக் கையிற் பெற்ற தொழிலாளிக்கு அது தந்திரமாகத் தோன்றியிராது. முன்னவர்கள் தம்மைப் பணயம் வைத்தனர். பின்னவர்கள் பிறரைப் பணயம் வைத்தனர்.

சட்டத்தை மீறுதல் எவருக்கும் உரியதாகிவிடின் வலியவரும் அதனைப் பயன்படுத்துவர் என்ற மறுப்பு எழலாம். அது வலுவான மறுப்பே. பொப்ளரைத் தண்டித்த அதே கணக்காய்வு அதிகாரந்தான் பின்னர் செல்வந்த வெஸ்ற்மினிஸ்ரரின் குற்றத்தையும் வெளிப்படுத்தியது. அங்கு சேர்லி போட்டர் தலைமையிலான பழைமைபேண் சபை 1980களிற் தனது வெற்றி உறுதியற்ற வட்டாரங்களில் ஆதரவைப் பெருக்கும் நோக்குடன் சபையின் வீடுகளை விற்றது. 2001இற் பிரபுக்கள் சபை அவர் மீதான கட்டளையை உறுதிப்படுத்தியது. இவ்வாறு அங்கத்தவரிடமிருந்து பணம் அறவிடும் முறையை 2000ஆம் ஆண்டுச் சட்டம் ஏலவே நீக்கியிருந்தது. இவ்விரு வழக்குகளையும் ஒப்புநோக்கின் வேறுபாடு தெளிவாகும். பொப்ளர் சபையினர் பகலிலே, பலரறிய, தண்டனையை ஏற்கும் துணிவுடன் சட்டத்தை மீறினர். வெஸ்ற்மினிஸ்ரரில் உண்மை நோக்கம் மக்களுக்கு மறைக்கப்பட்டது.

முடிவுரை

உள்ளூராட்சித் தேர்தலைப் பெருங் கட்சிகள் அடுத்த பொதுத்தேர்தலின் ஒத்திகையாகவே நோக்குகின்றன. எத்தனை ஆசனம் பெற்றோம், எத்தனை இழந்தோம் என்ற கணக்கோடு அவற்றின் சிந்தனை முடிந்துவிடுகிறது. பொப்ளர் கற்பித்த பாடம் வேறு. வாக்களித்த ஏழைக்கும் வரியிறுக்கும் செல்வனுக்குமிடையே சட்டம் நடுநிலை வகிப்பதில்லை. அதனைத் திருத்துவோரும் மேலிருந்து வருவதில்லை. ஆனால், அத்திருத்தத்தின் விலையைத் தலைவர்கள் தாமே செலுத்த ஆயத்தமாக இருக்கவேண்டும். அவ்விலையைத் தொண்டர் மீதும் தொழிலாளர் மீதும் சுமத்துவோர் எந்தக் கொடியை ஏந்தினும் மக்களை இழப்பர். கர்ப்பிணியான ஒரு பெண் தன் அயலவரின் வரிச்சுமைக்காக ஹொலவேச் சிறைவாயிலைக் கடந்து சென்றார் என்பதைத் தொழிற்கட்சியின் வரலாற்றை எழுதுவோர் அதன் பிரதமர்களின் பட்டியலுக்கு முன்பாகவே எழுதுதல் வேண்டும்.