டடக்... டடக்... (ஒரு ஹார்ட் டிஸ்க் புராணம்)

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் பழைய டெஸ்க்டாப்பைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். 2009ல வாங்கின 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி மாட்டணும். நாலு ஸ்க்ரூ, அரை மணி நேர வேலைன்னு வீட்ல பீலா வேற விட்டாச்சு. கழட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் காப்பி எடுத்துடலாம்னு ஆன் பண்ணினா, உள்ளேயிருந்து டடக்... டடக்...

வயித்துல புளியைக் கரைச்சுது. அப்பா பேசின பதினோரு நிமிஷ ஆடியோ அதுக்குள்ளதான் இருக்கு. வேற காப்பி கிடையாது. உடனே ஆஃப் பண்ணிட்டேன்.

அந்தச் சத்தம் என்னன்னு சொல்லணும்னா, கொஞ்சம் பெரிய கொசுவத்தியா சுத்தணும் மக்களே.

1956 செப்டம்பர்ல ஐபிஎம் 'ராமாக்' கம்ப்யூட்டரை அறிவிச்சது. ரெய்னால்ட் ஜான்சன் தலைமையில சான் ஹோசேயில உருவான அதோட டிஸ்க் பெட்டிதான் முதல் ஹார்ட் டிஸ்க். 24 அங்குலத் தட்டு 50, எடை சுமார் ஒரு டன். கொள்ளளவு? 50 லட்சம் எழுத்து. இன்னைக்கு எடுக்கற செல்போன் படம் ஒண்ணே அதுல மூச்சு முட்டித்தான் அடங்கும். தட்டுல ஹெட் உரசாம இருக்க, காத்தை அழுத்தி ஊதினாங்க.

1973ல வந்த ஐபிஎம் 3340க்கு 'வின்செஸ்டர்'னு செல்லப்பேரு. துப்பாக்கிப் பேருதான்! இதுல தட்டு சுத்தற வேகத்துல உண்டாகற காத்துலயே ஹெட் மிதக்கும். நின்னா, வழவழப்பா பூச்சு போட்ட தட்டு மேலயே இறங்கிக்கும். பின்னால வந்த டிஸ்க்குக்கெல்லாம் இதுதான் அஸ்திவாரம்.

1980ல சீகேட் எஸ்டி-506 வந்தது. 5 எம்பி. கொள்ளளவு கிட்டத்தட்ட ராமாக் அளவுதான், ஆனா கையில தூக்கிட்டுப் போயிடலாம். 1983ல ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி டிஸ்க்கோட வந்தது. 1988ல ஆல்பர்ட் ஃபெர்ட்டும் பீட்டர் குருன்பெர்க்கும் தனித்தனியா ஒண்ணு கண்டுபிடிச்சாங்க: மெல்லிய உலோக அடுக்குல சின்னக் காந்தப்புலம் பட்டாலே மின்தடை பெரிசா மாறுது. அதை வச்சு ரொம்பப் பொடி எழுத்தையும் படிக்கிற ஹெட் 1997ல டிஸ்க்குக்குள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் கொள்ளளவு எகிறுச்சு. ரெண்டு பேருக்கும் 2007ல நோபல்.

இப்ப நம்ம டடக்குக்கு வருவோம். ஹெட் தன் இடத்தைத் தேடுது, அடையாளம் கிடைக்கலை, திரும்பிப் போயி முதல்லேர்ந்து தேடுது. அந்தச் சத்தம்தான் அது. ஒவ்வொரு தேடலும் கடைசித் தேடலா இருக்கலாம்.

அதனால மொத்தமா காப்பி போடற ஆசையை விட்டேன். பழசைக் கழட்டி வச்சுட்டு எஸ்எஸ்டில விண்டோஸ் போட்டேன். அப்புறம் பழசை ரெண்டாவதா மாட்டி, முதல்ல அந்த ஆடியோவை மட்டும் இழுத்தேன். வந்துடுச்சு! அடுத்து போட்டோக்கள். பாதியில டிஸ்க் காணாமப் போச்சு. 2011 பொங்கல் படமெல்லாம் அதோட சரி.

ராத்திரி ஆடியோவைப் போட்டுக் கேட்டேன். அப்பா பெரிசா ஒண்ணும் சொல்லலை. ரேஷன்ல சர்க்கரை போடறான், சீக்கிரம் கிளம்புடாங்கிறார்.

எஸ்எஸ்டில சுத்தறதுக்கு ஒண்ணும் கிடையாது. போகணும்னா டடக்னுகூட சொல்லாம போயிடும். அதனால ஒரு பென் டிரைவ்ல போட்டு அக்காகிட்ட கொடுத்துட்டேன். நீங்களும் ஒரு காப்பி எடுத்து வைங்கப்பா. இன்னைக்கே.